கல்லிடம் கற்ற ஆசிரியர்

கற்பிப்போன் தானும் கற்றுக்கொண்டே இருத்தல் வேண்டும் என்பது ஆன்றோர் கண்ட நெறி. அந்நெறி வழுவாது, மலைகளையே பள்ளியாகவும் பாறைகளையே ஏடுகளாகவும் கொண்டு தாம் கற்றவற்றை மாணவர்க்கு வாரி வழங்கிய பெரியார் தாராஷா நோஷர்வான் வாடியா ஆவார்.

வாடியா 1883-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 23-ஆம் நாள் குஜராத்தைச் சேர்ந்த சூரத்து நகரில், பார்சிக் குடும்பமொன்றில் பிறந்தார். அவர்தம் முன்னோர் கப்பல் கட்டும் தொழிலில் பெயர் பெற்றவர். தந்தையாரோ சிற்றூர் ஒன்றில் புகைவண்டி நிலைய அதிகாரியாய் இருந்தார். ஆதலின் வாடியா இளமையில் பாட்டியாரிடம் வளர்ந்தார். பின்னர்ப் பரோடாவை அடைந்து அங்குள்ள கல்லூரியிற் பயின்று, 1903-இல் பட்டம் பெற்றார்.

நிலத்தின் அமைப்பையும் பாறைகளின் வரலாற்றையும் ஆராயும் நிலவியல், அக்காலத்தில் மிகச் சில கல்லூரிகளிலேயே கற்பிக்கப்பட்டது. பரோடா அருங்காட்சியகத்திலிருந்த கற்களைத் துணையாகக் கொண்டு, வாடியா பெரிதும் தம் முயற்சியாலேயே அத்துறையைக் கற்றுத் தெளிந்தார். 1906-இல் முதுகலைப் பட்டமும் பெற்றார்.

அடுத்த ஆண்டு ஜம்மு நகரத்துப் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் கல்லூரியில் ஆசிரியரானார். அங்கே 14 ஆண்டுகள் பணியாற்றினார். கல்லைக் காணாது கல்லின் இயல்பைக் கற்றல், நீரில் இறங்காது நீந்தக் கற்பதை ஒக்கும் அன்றோ? ஆதலின் விடுமுறை நாள்களில் அவர் மலைகளை நாடிச் சென்றார். ஜம்முவை அடுத்துள்ள சிவாலிக் குன்றுகள், இமயத்து ஆறுகள் கொணர்ந்த மணலும் வண்டலும் படிந்து இறுகி உண்டானவை. அவ்வண்டலிற் புதைந்த விலங்குகளின் எலும்புகள் காலப்போக்கில் கல்லாயின. அழிந்துபோன ஸ்டெகோடான் என்னும் யானையினத்தின் தந்தம் ஒன்றை வாடியா அங்கே கண்டெடுத்தார். அதன் நீளம் ஏறத்தாழ 3 மீட்டர். அவர் திரட்டிய கல்லும் கனியும் வகுப்பறையில் மாணவர்க்குப் பாடமாயின.

இந்திய மாணவர்க்கு இந்நாட்டு நிலத்தை விளக்கும் தக்க பாடநூல் இல்லாக் குறையையும் அவரே நீக்கினார். 1919-இல் அவர் வெளியிட்ட இந்திய நிலவியல் நூல், பல பதிப்புகள் கண்டு தலைமுறை தலைமுறையாக மாணவர்க்கு வழிகாட்டியது.

1921-இல் வாடியா இந்திய நிலவியல் ஆய்வுத் துறையிற் சேர்ந்தார். ஐரோப்பியப் பல்கலைக்கழகப் பட்டம் இன்றி அத்துறையில் அதிகாரியாக அமர்ந்த முதல் இந்தியர் அவரே. வடமேற்காகச் செல்லும் இமயத் தொடர், நங்க பர்வதத்தை அடைந்ததும் திடீரெனத் தென்மேற்காக வளைகின்றது. இவ்வளைவின் இருபுறமும் ஒரே வகைப் பாறையடுக்குகள் இருத்தலை அவர் நேரிற் கண்டார். ஆகவே அங்குள்ளவை இருவேறு மலைத்தொடர்கள் அல்ல, வளைந்த ஒரே தொடர்தான் எனத் துணிந்தார். தீபகற்பத்தின் தொன்மையான வன்பாறை நாக்குப்போல் வடக்கே நீண்டு தடுத்தமையால், மலையடுக்குகள் அதனைச் சூழ்ந்து மடிந்தன என 1931-இல் விளக்கினார்.

1938 முதல் 1944 வரை இலங்கையிலும் அவர் கனிமவியல் அறிஞராகப் பணிபுரிந்தார். 1957-இல் இலண்டன் ராயல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1958-இல் பத்மபூஷண் விருதும், 1963-இல் தேசியப் பேராசிரியர் என்னும் சிறப்பும் பெற்றார். 1969-ஆம் ஆண்டு சூன் 15-ஆம் நாள் மறைந்தார். டேராடூனில் உள்ள இமாலய நிலவியல் ஆய்வு நிறுவனம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

நிலவியலைக் கற்க இமயத்திற்கே செல்ல வேண்டுவதில்லை. பின்னலாடைக்குப் பெயர்பெற்ற திருப்பூர்ப் பகுதியிலும், காங்கயத்தை அடுத்த படியூர் நிலம் நீலமும் பசுமையும் கலந்த மணிக்கற்களைத் தந்துள்ளது. நொய்யற் கரையிலுள்ள கொடுமணலை அகழ்ந்தபோது, பழந்தமிழர் கற்களைத் தீட்டி மணிகள் செய்த தடயங்கள் வெளிப்பட்டன. காலடியிற் கிடக்கும் கல்லையும் ஊன்றி நோக்குவோர்க்கு அது நூலாகும். நோக்கியதைப் பிறர்க்கும் உரைப்போரே வாடியாவின் வழியில் நடப்போர் ஆவர்.