ஆல்டோ லியோபோல்ட்

ஆல்டோ லியோபோல்ட் (சனவரி 11, 1887 - ஏப்ரல் 21, 1948) அமெரிக்க வனவியலாளரும் எழுத்தாளரும் ஆவார். சிறு வயது முதலே வேட்டையில் ஈடுபாடு கொண்டவர். அயோவா மாநிலத்தின் பர்லிங்டன் நகரில் பிறந்து, யேல் பல்கலைக்கழகத்தில் வனவியல் பயின்று, 1909-ல் அமெரிக்க வனத்துறையில் சேர்ந்தார்.

நியூ மெக்சிகோ மலைகளில் பணியாற்றியபோது, அரசுக் காடுகளுக்குள் சாலைகள் பெருகித் தானுந்துகளில் கூட்டம் வருவதைக் கண்டார். பொதிக்குதிரைகளுடன் இரு வாரம் பயணம் செய்யுமளவு பரந்த, வேட்டைக்கும் மீன்பிடிக்கும் இடம்தரும் சாலையற்ற காடுகளை அரசு விட்டுவைக்க வேண்டுமென 1921-ல் எழுதினார். இவரது முயற்சியால் 1924-ல் ஹீலா தேசியக் காட்டில் சுமார் 7,55,000 ஏக்கர் அவ்வாறு ஒதுக்கப்பட்டது.

ஆனால் அதே ஆண்டுகளில் ஓநாய்களை ஒழிக்க வேண்டும் என்றும் இவர் வாதிட்டு வந்தார். ஓநாய் குறைந்தால் மான் பெருகும், வேட்டை செழிக்கும் என்பது கணக்கு. ஓநாய்கள் அழிந்தன, மான்கள் அளவுமீறிப் பெருகிச் செடிகொடிகளை மேய்ந்து தீர்த்தன. அவற்றைக் குறைக்க வேட்டைக்காரர்கள் எளிதில் வரட்டும் என்று ஹீலாவின் ஊடே சாலை போடப்பட்டது. காடு இரண்டாயிற்று. தம் பிழையை இவர் பிற்காலத்தில் எழுத்தில் ஒப்புக்கொண்டார்.

1933-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அண்டை நிலத்தில் பற்றிய புல்தீயை அணைக்கச் சென்றபோது மாரடைப்பால் இறந்தார். இவரது புகழ்பெற்ற நூலான 'எ சாண்ட் கவுண்டி அல்மனாக்' 1949-ல் வெளிவந்தது. சாலைக்குக் கிழக்கே பிரிந்துபோன காட்டுப்பகுதிக்கு 1980-ல் இவர் பெயர் இடப்பட்டது.