பேரேட்டில் பதியாத பாதுகாப்பு

1930 மே மாதம். எகிப்தின் அபூகிர் விமானத் தளத்தில் இரண்டு இந்திய இளைஞர்கள் சந்தித்துக்கொண்டனர். ஒருவர் கராச்சியிலிருந்து இங்கிலாந்து நோக்கியும், மற்றவர் இங்கிலாந்திலிருந்து கராச்சி நோக்கியும் தன்னந்தனியாக விமானம் ஓட்டி வந்தவர்கள். இவ்விரு நாடுகளுக்கு இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு ஆகா கான் அறிவித்திருந்த 500 பவுண்டு பரிசே இருவரின் இலக்கும். இங்கிலாந்திலிருந்து வந்தவர் ஸ்பார்க் பிளக் இல்லாமல் அங்கேயே முடங்கிக் கிடந்தார். எதிர்த்திசையில் வந்த போட்டியாளர் தம்மிடமிருந்த உபரி பிளக்கைக் கொடுத்து அவரை அனுப்பிவைத்தார். பெற்றுக்கொண்ட ஆஸ்பி இன்ஜினியர் சில மணி நேர வித்தியாசத்தில் பரிசை வென்றார். பின்னாளில் இந்திய விமானப் படையின் தலைமைத் தளபதியானார். கொடுத்தவர் ஜே.ஆர்.டி. டாடா.

இந்நிகழ்ச்சியை டாடாவின் பெருந்தன்மைக்குச் சான்றாகச் சொல்வது வழக்கம். பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு அதில் இன்னொன்றும் தென்படுகிறது. தேவைப்படாமலே போகலாம் என்று அறிந்தும் அவர் உபரி உதிரிபாகத்தைச் சுமந்து வந்திருந்தார். பழுது நேராதவரை அது வீண் சுமை, முடங்கிய முதலீடு. நேர்ந்துவிட்டாலோ அதுவே எல்லாம். விமானப் போக்குவரத்துப் பாதுகாப்பின் பொருளாதாரம் முழுவதும் இந்தச் சிறு பொருளுக்குள் அடங்கிவிடுகிறது.

ஜஹாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாடா 1904 ஜூலை 29 அன்று பாரிஸில் பிறந்தார். தாய் சூசான் பிரெஞ்சுப் பெண்மணி. கோடை விடுமுறையைக் குடும்பம் கழித்த பிரான்ஸின் கடற்கரை ஊரில், ஆங்கிலக் கால்வாயை முதன்முதலில் விமானத்தில் கடந்த லூயி பிளேரியோவின் வீடும் இருந்தது. சிறுவனின் மனத்தில் வானம் இடம்பிடித்தது அங்கேதான். 1929 பிப்ரவரி 10 அன்று, இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமான ஓட்டி உரிமத்தை அவர் பெற்றார்.

1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து பம்பாயின் ஜூஹுவுக்கு 'புஸ் மாத்' என்ற சிறு விமானத்தில் அஞ்சல் பைகளுடன் அவரே பறந்து வந்தார். வழியில் அகமதாபாதில் பெட்ரோல் டின்கள் மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தன. ஜூஹுவில் அஞ்சல் பைகளை வாங்கிக்கொண்டு பெல்லாரி வழியாகச் சென்னைக்குப் பறந்தவர் அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட். இந்தியாவின் முதல் உள்நாட்டு விமான அஞ்சல் வழித்தடங்களுள் ஒன்று நம் சென்னையில் முடிந்தது.

அன்று வானொலித் தொடர்பு இல்லை; வழிகாட்டும் கருவி எதுவும் இல்லை. ஜூஹு ஓடுதளம் கடலோரச் சேற்று நிலம். மழைக்காலத்தில் அது நீரில் மூழ்கிவிடும் என்பதால் விமானங்களும் பணியாளர்களும் புணேவுக்கு இடம்பெயர்ந்தனர். 1933-ஆம் ஆண்டில் அந்நிறுவனம் சுமார் 1,60,000 மைல் பறந்து 155 பயணிகளை ஏற்றிச் சென்றது. மேற்குத் தொடர்ச்சி மலையின் பருவமழைக்கு நடுவிலும் அதன் அஞ்சல் நேரம் தவறாமல் சென்றது. அரசு மானியம் ஏதும் இல்லாத நிறுவனம் அது. சாதனை வானில் தெரிந்தாலும், அதன் அடித்தளம் ஒவ்வோர் இரவும் தரையில் இயந்திரத்தைப் பிரித்துத் துடைத்துப் பூட்டிய சில மெக்கானிக்குகளின் கைகளில் இருந்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் நிலைமை மாறியது. போரில் எஞ்சிய டக்கோட்டா விமானங்கள் மலிவாகக் கிடைத்தன. முதலீடு செய்யப் பலர் முன்வந்தனர். அரசும் உரிமங்களைத் தாராளமாக வழங்கியது. பயணிகளின் எண்ணிக்கைக்கு மிஞ்சி நிறுவனங்கள் பெருகினால் ஒன்றும் நிலைக்காது என டாடா எச்சரித்தார். 1950-இல் ஆராய்ந்த ராஜாத்யக்ஷா குழுவும் நிறுவனங்கள் தேவைக்கு மேல் இருப்பதைச் சுட்டிக்காட்டியது. நஷ்டத்தில் ஓடும் விமான நிறுவனத்தால் எரிபொருளைக் குறைக்க முடியாது. விமான நிலையக் கட்டணத்தைத் தள்ளிப்போட முடியாது. எளிதில் கை வைக்கக்கூடிய இடங்கள் பராமரிப்பும் பயிற்சியும் பணியாளரின் ஓய்வு நேரமும்தான். அங்கே மிச்சம் பிடிக்கும் பணம் அந்த ஆண்டுப் பேரேட்டிலேயே லாபமாகத் தெரியும். அதன் விலையோ எப்போது, எந்த வடிவில் வரும் என்று எவரும் அறியார்.

1953-இல் விமான நிறுவனங்கள் தேசியமயமாக்கப்பட்டபோது டாடா அதை எதிர்த்தார். ஆயினும் நேரு கேட்டுக்கொண்டதற்கு இணங்கி, பன்னாட்டுச் சேவைக்கான ஏர் இந்தியாவின் தலைமையை ஊதியமின்றி ஏற்று, கால் நூற்றாண்டு நடத்தினார். தாம் பயணம் செய்த ஒவ்வொரு விமானத்திலும் குறிப்பெடுத்துக்கொள்வார். திரைச்சீலையின் நிறம், தேநீரின் பதம், முகப்பு மேசையில் படிந்த தூசி என அக்குறிப்புகள் நீளும். உயர்பதவியில் இருப்பவர் இத்தனை சிறியவற்றைக் கவனிக்க வேண்டுமா என்று தோன்றலாம். தலைவர் தூசியைக் கூடப் பொறுக்கமாட்டார் என்று அறிந்த நிறுவனத்தில், தளர்ந்த திருகாணியைக் கண்டும் காணாமல் போகிற துணிவு எவருக்கும் எளிதில் வராது.

இதனால் விபத்தே நேரவில்லை என்று எழுதினால் அது வரலாறாகாது. 1950-இலும் 1966-இலும் ஏர் இந்தியா விமானங்கள் ஐரோப்பாவின் மோன் பிளாங்க் மலையில் மோதின. இரண்டாவது விபத்தில் அணு விஞ்ஞானி ஹோமி பாபா உள்ளிட்ட 117 பேர் மாண்டனர். 1978 ஜனவரி 1 இரவு, 'எம்பரர் அசோகா' என்ற போயிங் 747 பம்பாய்க் கடலில் விழுந்து 213 உயிர்கள் போயின. விமானத்தின் சாய்வைக் காட்டும் கருவி ஒன்று பழுதடைந்ததும், இருளில் விமானி திசையுணர்வை இழந்ததுமே அதன் காரணங்கள். எத்தனை கவனமும் போதாத கணங்கள் உண்டு; கவனம் அந்தக் கணங்களை அரிதாக்குகிறது என்பதே அதன் பயன்.

அதற்கடுத்த மாதமே மொரார்ஜி தேசாய் அரசு டாடாவைத் தலைவர் பதவியிலிருந்து விடுவித்தது. 1982-இல் தமது 78-ஆம் வயதில் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு மீண்டும் ஒரு சிறு விமானத்தைத் தாமே ஓட்டிப் பொன்விழாக் கொண்டாடினார். 1992-இல் பாரத ரத்னா பெற்றார். 1993 நவம்பர் 29 அன்று ஜெனீவாவில் மறைந்தார். 2022 ஜனவரியில் ஏர் இந்தியா மீண்டும் டாடா குழுமத்திடமே வந்தது.

2025 ஜூன் 12 அன்று, ஒரு காலத்தில் மாட்டு வண்டியில் பெட்ரோல் வந்திறங்கிய அதே அகமதாபாதிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்ட ஏர் இந்தியா விமானம் விழுந்து, தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 260 பேர் உயிரிழந்தனர். காரணத்தை ஆராய்வது புலனாய்வாளர்களின் பணி; நாம் தீர்ப்பெழுதுவது முறையன்று. ஆனால், பயணச்சீட்டின் விலையையும் புறப்படும் நேரத்தையும் மட்டுமே ஒப்பிட்டுப் பார்த்துப் பழகிய நமக்கு ஒரு கேள்வி உண்டு. நள்ளிரவில் கொட்டகையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு இயந்திரத்தைச் சோதிக்கும் தொழில்நுட்பப் பணியாளர், ஐயம் எழுந்தால் விமானத்தை நிறுத்திவைக்கும் உரிமையோடு இருக்கிறாரா? அந்தத் தாமதத்துக்காக நாம் அவர்மீது சினம் கொள்கிறோமா, நன்றி பாராட்டுகிறோமா?

நிகழாத விபத்துக்குக் கணக்கில் பத்தி கிடையாது. அதனாலேயே அதற்கான செலவு எப்போதும் அதிகமாகத் தோன்றுகிறது. அபூகிரில் கைமாறிய அந்த உபரி பிளக், டாடாவுக்குப் பரிசை இழக்கச் செய்தது. அதே பழக்கம்தான் பிற்காலத்தில் நாடு நம்பி ஏறிய ஒரு விமான நிறுவனத்தை உருவாக்கியது.