25 சென்ட் டிக்கெட்டில் உயிர் பிழைத்த பச்சிளம் குழந்தைகள்... யார் இந்த மார்ட்டின் கௌனி?

குறைமாதக் குழந்தைகளைப் பார்க்க டிக்கெட்டா? ஆமாம், நியூயார்க்கின் கோனி தீவு பொழுதுபோக்குப் பூங்காவில் 1903 முதல் 1943 வரை அதுதான் நடந்தது. நடத்தியவர் மார்ட்டின் கௌனி.

அப்போது பெரும்பாலான அமெரிக்க மருத்துவமனைகளில் இன்குபேட்டரே கிடையாது. பிழைக்காது என்று கைவிடப்பட்ட குழந்தைகளை மார்ட்டின் வாங்கி, கதகதப்பான கண்ணாடிப் பெட்டியில் வைத்து, நர்ஸ்களைக் கொண்டு பராமரித்தார். பெற்றோரிடம் காசு வாங்கவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கொடுத்த 25 சென்ட்தான் செலவுக்குக் கைகொடுத்தது.

குறைமாதத்தில் பிறந்த அவருடைய மகளே பின்னாளில் அங்கு நர்ஸாக வேலை பார்த்தார்.

இத்தனைக்கும், மார்ட்டின் டாக்டருக்குப் படித்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனாலும் சுமார் 6,500 குழந்தைகள் அவரால் பிழைத்ததாகச் சொல்லப்படுகிறது.

1943-ல் நியூயார்க் மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு வந்தது. அதே ஆண்டு மார்ட்டின் கடையை மூடினார். 1950-ல் காலமானார்.