விழித்திரையைப் படித்த வித்தகர்

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். ஆனால், முளையைக் கண்டு ஊரார் உதட்டைப் பிதுக்கிய ஒரு பயிர், பின்னாளில் உலகமே பயன்பெற விளைந்ததும் உண்டு. ஸ்பெயின் நாட்டு மேதை சாந்தியாகோ ரமோன் இ காஹாலின் வாழ்க்கை அத்தகையது.

இவர் 1852-ஆம் ஆண்டு மே திங்கள் முதல் நாள் பெத்தில்யா என்னும் மலைச் சிற்றூரில் பிறந்தார். தந்தை ஹுஸ்தோ ரமோன் ஒரு மருத்துவர். மகனும் மருத்துவனாக வேண்டும் என்பது அவர் ஆசை. மகனுக்கோ ஓவியத்தின் மீது தீராத மோகம். படம் வரைவது வீண் வேலை என்று தந்தை கடிந்தார். பதினொரு வயதில், தானே செய்த பீரங்கியால் அண்டை வீட்டாரின் வாயிற்கதவைத் தகர்த்துச் சிறைக்கும் சென்று வந்தான் சிறுவன்! மனம் நொந்த தந்தை, முடிதிருத்துபவரிடமும் காலணி தைப்பவரிடமும் அவனைத் தொழில் பழக விட்டார்.

1868-ஆம் ஆண்டில் தந்தை ஒரு வழி கண்டார். மகனைக் கல்லறைத் தோட்டத்திற்கு அழைத்துச் சென்று, அங்குக் கிடந்த மனித எலும்புகளை எடுத்துவந்து வரையச் செய்தார். வரைய வரைய உடலின் அமைப்பு மகன் மனத்தில் பதிந்தது. தந்தையின் ஆசையும் மகனின் ஆசையும் ஒன்றாயின. 1873-இல் சரகோசாவில் மருத்துவப் பட்டம் பெற்ற காஹால், இராணுவ மருத்துவராகக் கியூபாவுக்குச் சென்றார். மலேரியாவால் மெலிந்து திரும்பிய அவர், தம் சேமிப்பைக் கொண்டு ஒரு நுண்ணோக்கி வாங்கினார். 1885-இல் காலரா பரவியபோது அந்நோயை ஆராய்ந்து தொண்டாற்றியதற்காக, சரகோசா மாகாணத்தார் அவருக்குச் சிறந்ததொரு நுண்ணோக்கியைப் பரிசளித்தனர்.

மூளை முழுவதும் இடைவெளியின்றிப் பின்னிய ஒரே வலை என்றே அக்காலத்து அறிஞர் பலர் எண்ணினர். இத்தாலிய அறிஞர் கோல்ஜி, வெள்ளி உப்பைக் கொண்டு நரம்புச் செல்களுக்குக் கறுப்பு நிறமூட்டும் முறையை 1873-இல் கண்டுபிடித்திருந்தார். 1887-இல் மாட்ரிட் நகரில் நண்பர் சிமாரோவின் வீட்டில் அதைக் கண்ட காஹால் வியந்து நின்றார். அம்முறையைச் செம்மைப்படுத்தி, இளங்குஞ்சுகளின் மூளையை ஆராய்ந்தார். ஒவ்வொரு நரம்புச் செல்லும் தனித்தனியே நிற்கிறது. அண்டைச் செல்லைத் தொடுவதுபோல் நெருங்கினாலும் அதனோடு ஒன்றாகக் கலப்பதில்லை என்று கண்டார்.

கண்டதை யார் கேட்பது? அவர் எழுதிய ஸ்பானிய மொழியை வெளிநாட்டு அறிஞர்கள் படிப்பதில்லை. எனவே 1888-இல் சொந்தச் செலவிலேயே ஓர் இதழ் தொடங்கி, 60 படிகள் அச்சிட்டு, பல நாடுகளுக்கு அனுப்பினார். அப்போதும் உலகம் வாளாவிருந்தது. அவர் சோர்ந்துவிடவில்லை. 1889-இல் தம் கண்ணாடிச் சில்லுகளை எடுத்துக்கொண்டு பெர்லின் மாநாட்டிற்கே சென்றார். முதுபெரும் அறிஞர் கோலிக்கர் அவற்றைக் கண்டு மகிழ்ந்து, காஹாலின் நூல்களைப் படிப்பதற்காகவே ஸ்பானிய மொழியைக் கற்றார்!

விழித்திரையை மூளையின் ஒரு பகுதியாகவே கருதிய காஹால், அதை ஆராய்வதில் பெருவிருப்பம் கொண்டார். மீன், தவளை, பறவை, பாலூட்டி எனப் பல உயிர்களின் விழித்திரைகளையும் ஆராய்ந்து வரைந்தார். ஒளியைப் பெறுபவை கோல்களும் கூம்புகளும். அவற்றிலிருந்து செய்தி இருமுனைச் செல்களுக்கும், பின்னர் நரம்புத்திரள் செல்களுக்கும் சென்று, பார்வை நரம்பு வழியே மூளையை அடைகிறது. நரம்புச் செல்லில் செய்தி ஒரே திசையில் செல்கிறது என்ற அவர் கருத்துக்கு விழித்திரை நல்ல சான்றாயிற்று. 1893-இல் இவ்வாராய்ச்சி பெல்ஜியத்தில் ஓர் ஆய்விதழில் வெளிவந்தது. அவ்விதழைத் தொடங்கியவர் லூவேன் பல்கலைக்கழகப் பேராசிரியரும் கத்தோலிக்கக் குருவுமான கார்னுவா என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

1906-இல் காஹாலுக்கும் கோல்ஜிக்கும் நோபெல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. அந்த மேடையிலேயே கோல்ஜி, காஹாலின் கொள்கையை மறுத்துப் பேசினார். காஹாலோ கோல்ஜியின் முறைக்குத் தாம் பட்ட கடனை மறைக்கவில்லை. 1934 அக்டோபர் 17-ஆம் நாள், தமது 82-ஆம் வயதில் மாட்ரிட்டில் அவர் மறைந்தார். 1950-களில் எலெக்ட்ரான் நுண்ணோக்கி, செல்களுக்கு இடையேயுள்ள மிக நுண்ணிய இடைவெளியைக் காட்டி அவர் கண்டது உண்மையே என மெய்ப்பித்தது. 2017-இல் அவருடைய ஆவணங்கள் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன.

அன்புத் தோழியரே! உயிரியல் குறிப்பேட்டில் கண்ணின் படத்தை அவசரமாக வரைந்து, பெயர்களை மட்டும் குறித்துவிட்டு மூடிவைத்தவள்தான் நானும். இவர் வரலாற்றைப் படித்த பின், அதே படத்தை மறுபடியும் நிதானமாக வரைந்து பார்த்தேன். வீண் வேலை என்று பிறர் இகழ்ந்த திறமைதான் காஹாலை உயர்த்தியது. இறைவன் நமக்கு அளித்த திறமை எதுவாயினும் அதைப் புதைத்து வைக்காமல் உழைப்பால் வளர்ப்போமாக! நம் பெற்றோரும் ஹுஸ்தோ ரமோனைப்போல் அதற்கு ஒரு வழி காட்டுவார்களாக!