பீரோவில் கிடந்த புட்டிகள்

ஆரஞ்சுப் பழத்தை உரிக்கும்போது, தோலிலிருந்து நுண்ணிய துளிகள் தெறிக்கும். கண்ணில் பட்டால் எரியும். கமகமவென்று மணம் வீசும்.

அது ஒரு வகை எண்ணெய். நல்லெண்ணெய்போல் பிசுக்காக ஒட்டாது. காற்றில் ஆவியாகிப் போய்விடும். பூ, இலை, பட்டை, வேர் ஆகியவற்றிலும் இத்தகைய எண்ணெய்கள் உண்டு. மக்கள் அவற்றை நெடுங்காலமாக மருந்தாகவும் வாசனைப் பொருளாகவும் பயன்படுத்தி வந்தார்கள். ஆனால், அவற்றுக்குள் என்ன இருக்கிறது என்பது விளங்காத புதிராகவே இருந்தது.

அந்தப் புதிரை விடுவித்தவர், ஜெர்மன் நாட்டு விஞ்ஞானி ஓட்டோ வாலாக்.

மெழுகுவத்தி வெளிச்சத்தில்

வாலாக், 1847-ம் ஆண்டு மார்ச் 27-ந் தேதி கோனிக்ஸ்பர்க் நகரில் பிறந்தார். தந்தை அரசாங்க அதிகாரி.

அவர் படித்த பள்ளியில் ரசாயனப் பாடம் பெயரளவுக்குத்தான் இருந்தது. ஆகவே, வீட்டிலேயே சோதனைகள் செய்து பார்த்தார்.

20-வது வயதில் காட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். மாலை 5 மணிக்கு எரிவாயு விளக்குகள் அணைந்துவிடும். மாணவர்கள் மெழுகுவத்தி வெளிச்சத்தில் வேலை செய்வார்கள். அப்படி உழைத்து, 1869-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

பிறகு, பெர்லினில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் வேலைக்குப் போனார். அங்கிருந்த புகையை அவர் உடம்பு தாங்கவில்லை. வேலையை விட்டுவிட்டு, 1872-ல் பான் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார்.

திறக்காத புட்டிகள்

1879-ல், மருந்துகள் பற்றிய பாடத்தை நடத்தும் பொறுப்பு அவருக்கு வந்தது. அவருக்குப் பழக்கமில்லாத பாடம் அது!

அங்கே தலைமைப் பேராசிரியராக இருந்தவர் புகழ் பெற்ற கெக்குலே. அவருடைய அலமாரியில், வாசனை எண்ணெய்ப் புட்டிகள் பல ஆண்டுகளாகத் திறக்கப்படாமல் கிடந்தன. அவற்றை ஆராயலாமா என்று வாலாக் கேட்டார். முடிந்தால் செய்து பாரும் என்று கெக்குலே சற்றுக் கேலியாக அனுமதி கொடுத்தார்.

வேலை எளிதல்ல. ஒவ்வொரு எண்ணெயும் பல பொருள்களின் கலவை. அவற்றில் பல, ஏறக்குறைய ஒரே சூட்டில் கொதிப்பவை. பிரித்து அறிவது எப்படி?

வாலாக் ஒரு வழி கண்டார். அந்தத் திரவங்களோடு புரோமின் போன்ற பொருள்களைச் சேர்த்தார். திரவம் படிகமாக மாறியது. ஒவ்வொரு படிகமும் ஒரு குறிப்பிட்ட சூட்டில் உருகும். மனிதனுக்குக் கைரேகை எப்படியோ, அப்படி இதற்கு உருகும் சூடு!

உண்மை வெளியாயிற்று. ஆரஞ்சுத் தோலில் கிடைத்த பொருளுக்கு ஒரு பெயர், எலுமிச்சைத் தோலில் கிடைத்ததற்கு வேறொரு பெயர் என்று வைத்திருந்தார்கள். இரண்டும் ஒன்றே என்று வாலாக் காட்டினார். அதுதான் லிமோனீன்.

இந்தப் பொருள்களுக்கு டெர்பீன்கள் என்று பெயர். ஒரே மாதிரிச் செங்கல்லை வைத்துப் பல வகை வீடு கட்டுவதுபோல, ஐந்து கரி அணுக்கள் கொண்ட சிறு துண்டுகள் சேர்ந்தே டெர்பீன்கள் அமைந்துள்ளன என்றும் அவர் கண்டறிந்தார்.

நோபல் பரிசு

1889-ல், தாம் படித்த காட்டிங்கனிலேயே பேராசிரியரானார். தம் ஆராய்ச்சிகளைத் தொகுத்து, 1909-ல் பெரிய நூலாக வெளியிட்டார். மறு ஆண்டு, ரசாயனத்துக்கான நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. அப்போது அவருக்கு வயது 63.

1914-ல் உலகப் போர் மூண்டது. அவருடைய உதவியாளர்கள் ஆறு பேர் போரில் மாண்டனர். 1915-ல் வாலாக் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார்.

கடைசி வரை அவர் மணம் செய்துகொள்ளவில்லை. 1931-ம் ஆண்டு பிப்ரவரி 26-ந் தேதி, 83-வது வயதில் காலமானார்.

பூஜையில் ஏற்றும் கற்பூரம், புதினாவிலிருந்து எடுக்கும் மெந்தால், ஜலதோஷத்துக்கு முகரும் யூகலிப்டஸ் தைலம் எல்லாம் அவர் ஆராய்ந்த குடும்பத்தைச் சேர்ந்தவை. 1972-ல் சீன விஞ்ஞானிகள் ஒரு மூலிகையிலிருந்து பிரித்தெடுத்த மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினினும் அந்த வம்சமே.

பிறர் தொடாமல் விட்ட புட்டிகளை ஒருவர் பொறுமையோடு திறந்து பார்த்தார். அதன் பலனை உலகம் இன்றும் அனுபவிக்கிறது.