அண்ணி போட்ட சோறும், அணையாத அடுப்பும்: வள்ளலாரின் இன்னொரு கதை

வீட்டு முன்வாசலில் அண்ணன் நிற்கிறார். படிக்கலைன்னா இந்த வீட்ல சோறு கிடையாதுன்னு உத்தரவு. தம்பி யாரும் பார்க்காத நேரமாகப் பின்பக்கம் வர, அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டே இலை போடுகிறார். சென்னை ஏழுகிணறு பகுதியில் வளர்ந்த ராமலிங்கத்தைப் பற்றி இப்படி ஒரு கதை சொல்வார்கள். அந்தப் பையனைத்தான் நாம வள்ளலார்னு கூப்பிடுறோம்.

1823 அக்டோபர் 5-ல் சிதம்பரம் பக்கம் மருதூரில் பிறந்தவர். கைக்குழந்தையா இருக்கும்போதே அப்பா தவறிட்டார். அதுக்கப்புறம் அண்ணன் குடும்பம்தான் ஆதரவு. முப்பதுகளின் நடுவில் சென்னையை விட்டுக் கிளம்பியவர், பல ஊர் சுற்றிவிட்டு கருங்குழியில் வேங்கட ரெட்டியார் வீட்டில் தங்கினார். அங்கே வருஷக்கணக்கா அடுத்தவங்க வீட்டு விருந்தாளி. சொத்துன்னு பார்த்தா, உடம்பில் ஒரு வெள்ளை வேட்டி, போர்த்திக்க ஒரு வெள்ளைத் துணி. அவ்வளவுதான்.

சொந்தமா ஓர் அடுப்புகூட இல்லாத இந்த மனுஷன்தான், பசின்னு வர்ற எல்லாருக்கும் சோறு போடணும்னு ஊர்க்காரங்ககிட்ட கேட்டார். கேட்டது ராஜாவிடம் இல்லை, ஜமீனிடமும் இல்லை. வடலூர்ப் பக்கம் பார்வதிபுரத்து மக்கள் தங்கள் நிலத்தை எழுதிக் கொடுத்தார்கள். சுமார் 80 காணி, இன்றைய கணக்கில் 100 ஏக்கருக்கு மேல். எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடிக்கும். பேர் அவருக்கு வந்தது, நிலம் அவங்களோடது.

1867 மே 23-ல் சத்திய தருமச்சாலை திறந்தது. 21 அடி நீளத்தில் ஓர் அடுப்பு, அதில் வள்ளலாரே தீ மூட்டினார். உள்ளே வர்றவங்ககிட்ட சாதி கேட்கக் கூடாது, மதம் கேட்கக் கூடாது, ஊர் கேட்கக் கூடாது. பசிக்குதா, உட்காரு. பொதுச் சத்திரங்களிலேயே சாதிக்கொரு பந்தி போட்ட காலம் அது. இதை எதிர்த்தவங்க எத்தனை பேர் இருந்திருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

1874 ஜனவரி 30-ல் பக்கத்து மேட்டுக்குப்பத்தில் ஓர் அறைக்குள் போனவர் அதன்பின் வெளியே வரவில்லை. அடுத்த 2 வருஷத்தில் சென்னை மாகாணத்தையே சுருட்டிய தாது வருஷப் பஞ்சம். லட்சக்கணக்கில் ஜனங்க பட்டினியில் செத்தாங்க. சோறு போடச் சொன்னவர் இல்லை, ஆனா அடுப்பு இருந்தது. அன்று மூட்டிய தீ ஒருநாளும் அணையலைன்னுதான் வடலூர்க்காரங்க இன்னைக்கும் சொல்றாங்க.

சென்னை - கும்பகோணம் பஸ்ல போறவங்க நெய்வேலி தாண்டினதும் வடலூர் நாற்சந்தியில் இறங்கலாம். தருமச்சாலைக்கு வழி யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. மூணு வேளையும் பந்தி உண்டு, காசு கிடையாது. மூட்டை மூட்டையா அரிசியும் காய்கறியும் கொண்டுவந்து இறக்கிட்டு, பேர்கூடச் சொல்லாம கிளம்புறவங்களை அங்கே பார்க்கலாம்.