லிங்கன் தோற்ற தேர்தல்கள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பதினாறாவது குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கனை அறியாத மாணவர் இலர். மரக்குடிலில் பிறந்தவர், அடிமைத்தளையை அறுத்தவர், 1865ஆம் ஆண்டு நாடக அரங்கொன்றில் சுடப்பட்டு மாண்டவர் என்ற அளவில் அவர் வரலாறு நம் பாடநூல்களிலும் மேடைகளிலும் நிலைபெற்றுள்ளது. அதனோடு ஒரு பட்டியலும் ஒட்டிக்கொண்டு வழங்குகிறது. வணிகத்தில் தோல்வி, தேர்தலில் தோல்வி, மறுபடியும் தோல்வி, முடிவில் வெள்ளை மாளிகை என்று ஏணிப்படிபோல் அடுக்கப்பட்ட அப்பட்டியலைத் தன்னம்பிக்கைச் சொற்பொழிவுகளில் கேட்டுக் கேட்டு நம் செவிகள் பழகிவிட்டன. அவர் வென்ற தேர்தல்களை அது பெரும்பாலும் மறைக்கிறது. நிற்காத தேர்தலில்கூட அவரைத் தோற்கடித்துவிடுகிறது. எதன்பொருட்டுத் தோற்றார், தோற்று வீடு திரும்பியபோது அங்கே காத்திருந்தவர் யாவர் என்பவற்றை அது சொல்வதே இல்லை. அவ்விரண்டையும் எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1832ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், இருபத்து மூன்று வயது இளைஞராக, இல்லினாய் மாநிலச் சட்டமன்றத்திற்கு முதன்முதலாகத் தம்மை வேட்பாளராக அறிவித்தார் லிங்கன். அப்போது நியூ சேலம் என்னும் சிற்றூரில் ஒரு மளிகைக் கடையின் பணியாள் அவர். சங்கமன் ஆற்றைப் படகுகள் செல்லத்தக்கதாகச் சீர்செய்தல், கல்வியைப் பரப்புதல், கடும்வட்டியைச் சட்டத்தால் கட்டுப்படுத்துதல் ஆகியவை அவர் அறிக்கையில் இடம்பெற்றன. வட்டியின் தீமையை இளமை முதலே கேட்டு வளர்ந்த நமக்கு இம்மூன்றாவது செய்தி தனியே கண்ணில் படுகிறது. இடையில் பிளாக் ஹாக் போர் மூண்டது. தன்னார்வப் படையில் சேர்ந்து சென்றவர், வாக்குப்பதிவிற்குச் சிறிது நாள்களுக்கு முன்னரே திரும்பினார். பதின்மூவர் போட்டியிட்டனர், நால்வர்க்கே இடம். லிங்கன் எட்டாமவராக வந்தார். எனினும் அவரை நேரில் அறிந்திருந்த நியூ சேலம் வாக்குச்சாவடியில் 300 வாக்குகளில் 277 அவருக்கே விழுந்தன.

மக்கள் நேரடியாக அளித்த வாக்கினால் அவர் தோற்றது இந்த ஒரே முறைதான். கூட்டாளியோடு நடத்திய கடை நொடித்துத் தலைமேல் ஏறிய கடனைப் பல ஆண்டுகள் சுமந்து தீர்த்தார். அஞ்சல் அலுவலராகவும் நில அளவையாளராகவும் பணிசெய்து வயிறு வளர்த்தார். 1834இல் அதே சட்டமன்றத்திற்கு வென்றார். அடுத்தடுத்து நான்கு முறை வென்றவர் என்பதைப் பட்டியல் நமக்குச் சொல்வதில்லை. இதற்கிடையில் தாமே சட்டம் பயின்று வழக்கறிஞரானார்.

1842இல் மேரி டாட் என்னும் அம்மையாரை மணந்தார். ராபர்ட், எட்வர்ட், வில்லியம், தாமஸ் என நான்கு புதல்வர்கள் பிறந்தனர். எட்வர்ட் நான்கு வயது நிறையுமுன் 1850ஆம் ஆண்டு பிப்ரவரியில் மறைந்தான். லிங்கனின் பிழைப்போ ஊர் ஊராகச் செல்லும் பிழைப்பு. வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் நீதிபதியும் வழக்கறிஞர்களும் மாவட்டந்தோறும் சென்று வழக்காடும் முறை அங்கே இருந்தது. ஆண்டில் ஏறத்தாழ ஆறு திங்கள் அவர் விடுதிகளில் தங்கினார். பிள்ளைகளின் காய்ச்சலையும் சண்டையையும் மேரி தனித்தே பார்த்துக்கொண்டார். ஊரில் இருக்கும் நாள்களிலோ அவரைப்போல் செல்லம் கொடுத்த தந்தை வேறொருவர் இலர். இளைய பிள்ளைகளை அலுவலகத்திற்கு அழைத்து வருவார். அவர்கள் நூல்களைக் கலைத்துத் தாள்களை வாரி இறைப்பார்கள்; தொழிற்கூட்டாளியான ஹெர்ன்டன் பல்லைக் கடித்துக்கொண்டு அமர்ந்திருப்பார்; தந்தையோ தலைநிமிர்ந்தும் பார்க்கமாட்டார். மூத்தவர் ராபர்ட்டுக்கு அந்தச் செல்லமும் அவ்வளவாக வாய்க்கவில்லை. தம் இளமைப் பருவம் முழுவதும் தந்தை வழக்கு மன்றங்களிலும் அரசியல் மேடைகளிலுமே இருந்தார் என்று அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார்.

ஆசிரியப் பெருமக்களுக்கு இவ்விடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். தம் மகனின் ஆசிரியருக்கு லிங்கன் எழுதியதாக ஒரு நீண்ட கடிதம் நம் பள்ளிச் சுவர்களில் சட்டமிட்டுத் தொங்குகிறது. லிங்கனின் எழுத்துகள் அனைத்தும் தேடித் தொகுக்கப்பட்டுள்ளன. அத்தொகுப்பில் அக்கடிதம் இல்லை. கருத்து நன்று என்பதற்காகக் கடிதத்தை அவர் தலையில் ஏற்ற வேண்டியதில்லை. பிள்ளைகளின் வளர்ப்பில் அவர் வைத்த இடைவெளியை அந்தக் கடிதம் மூடிவிடுகிறது என்பதே என் வருத்தம்.

1843இல் மத்தியப் பேரவைக்கு விக் கட்சியின் வேட்பாளராக முயன்றார். வாய்ப்பு வேறொருவர்க்குச் சென்றது. 1846இல் வென்று ஒரு முறை உறுப்பினராக இருந்தார். கட்சியினர் முறைவைத்துக்கொண்ட ஏற்பாட்டின்படி 1848இல் அவர் நிற்கவில்லை. பட்டியல் தோல்வியாகக் கணக்கிடுவது இதனைத்தான். 1849இல் நாடிய நில ஆணையர் பதவியும் கைகூடவில்லை. அரசியலை மறந்து வழக்குகளில் ஆழ்ந்தார்.

அவரை மீண்டும் இழுத்து வந்தது 1854ஆம் ஆண்டின் கான்சஸ் நெப்ராஸ்காச் சட்டம். வடபகுதிப் புதுநிலங்களில் அடிமைமுறை கூடாதென்று 1820இல் செய்யப்பட்ட உடன்பாட்டை அது தகர்த்தது. அடிமைமுறை வேண்டுமா வேண்டாவா என்பதை ஆங்காங்குக் குடியேறுவோரே முடிவு செய்யலாம் என்றது. அதனைக் கொண்டுவந்தவர் இல்லினாயின் மேலவை உறுப்பினர் ஸ்டீபன் டக்ளஸ். லிங்கனின் நெடுநாளைய போட்டியாளர். அக்காலத்தில் அந்நாட்டு மேலவை உறுப்பினர்களை, நம் மாநிலங்களவைக்குப் போல, மாநிலச் சட்டமன்றத்தாரே தேர்ந்தெடுத்தனர். அவ்வாண்டுத் தேர்தலில் சட்டமன்றத்திற்கு மீண்டும் வென்ற லிங்கன், மேலவைக்கு நிற்பதற்காக அவ்விடத்தைத் துறந்தார்.

1855ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் ஸ்பிரிங்பீல்டு நகரில் வாக்கெடுப்பு நடந்தது. முதற்சுற்றில் எல்லாரினும் முன்னின்றவர் லிங்கனே; வெற்றிக்குச் சில வாக்குகளே குறைந்தன. அச்சில வாக்குகளைத் தம் கையில் வைத்திருந்தவர்கள் ஐவர். புதிய சட்டத்தை எதிர்த்த ஜனநாயகக் கட்சியினர் அவர்கள். விக் கட்சிக்காரர் ஒருவர்க்கு வாக்களிக்க இசையாமல், தங்களவரான லைமன் டிரம்புல்லையே பற்றி நின்றனர். சுற்றுகள் நீள நீள லிங்கனின் வாக்குகள் கரைந்தன. ஒன்பதாம் சுற்றில் ஆளுநர் மேட்டிசன் 47, டிரம்புல் 35, லிங்கன் 15. இன்னும் ஒரு சுற்றுப் போனால் மேட்டிசன் வென்றுவிடுவார். அவரோ டக்ளஸின் பக்கத்தவர். லிங்கனின் நண்பர்கள் கடைசிவரை நிற்கவே விரும்பினர். தம்மை விட்டுவிட்டு டிரம்புல்லுக்கு வாக்களிக்குமாறு லிங்கன் அவர்களிடம் சொன்னார். பத்தாம் சுற்றில் டிரம்புல் வென்றார். நாற்பதுக்கு மேற்பட்ட வாக்குகளோடு தொடங்கியவர், ஐந்து வாக்குகளோடு தொடங்கியவர்க்கு வழிவிட்டார்.

இதனை நான் தோல்வி என்று எழுதத் தயங்குகிறேன். அடிமைமுறை பரவுவதைத் தடுக்கும் ஒரு வாக்கு மேலவையில் வேண்டும். அது தம் வாக்காக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று அவர் கணித்தார். ஆயினும் அக்கணக்கின் விலையை அவர் மட்டும் செலுத்தவில்லை. டிரம்புல்லின் மனைவி ஜூலியா, மேரியின் மணநாளில் தோழியாக உடன்நின்றவர். கணவர் பெற்றிருக்க வேண்டிய பதவி தோழியின் வீட்டுக்குச் சென்றதை மேரியால் பொறுக்க இயலவில்லை. அந்நட்பு அன்றோடு முறிந்தது. மேரியின் சினத்தைச் சிறுமை என்று நூலாசிரியர் சிலர் எழுதுகின்றனர். ஆண்டில் பாதி நாள் தனித்து வீடு காத்தவரின் பக்கம் நின்று பார்த்தால் அப்படி எழுதக் கை வாராது.

1858இல் குடியரசுக் கட்சியின் சார்பில் டக்ளஸை நேருக்கு நேர் எதிர்த்தார். ஆகஸ்டு 21 முதல் அக்டோபர் 15 வரை ஏழு ஊர்களில் இருவரும் ஒரே மேடையில் சொற்போர் நிகழ்த்தினர். முதலில் பேசுபவர் ஒரு மணி, அடுத்தவர் ஒன்றரை மணி, மீண்டும் முதல்வர் அரை மணி என்று முறை. மூன்று மணி நேரம் ஆயிரக்கணக்கான மக்கள் நின்று கேட்டனர். ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சார்ல்ஸ்டன் நகர மேடையில், கறுப்பின மக்களுக்கு வெள்ளையரோடு சமுதாயச் சமன்மையும் அரசியல் சமன்மையும் வேண்டும் என்பது தம் கொள்கையன்று என லிங்கன் கூறினார். வாக்கை நோக்கிய பேச்சு என்று சொல்லி அதனைக் கழுவிவிட முடியாது. அடிமைமுறை அநீதி என்பதில் மட்டும் அவர் எந்த மேடையிலும் வளையவில்லை.

அவர் கட்சி வேட்பாளர்கள் மாநில அளவில் டக்ளஸ் அணியினரைவிட மிகுந்த வாக்குகள் பெற்றனர். ஆனால் பழைய மக்கள்தொகைக் கணக்கின்படி வகுத்த தொகுதிகள் டக்ளஸுக்குச் சாதகமாக அமைந்திருந்தன. 1859 ஜனவரி 5ஆம் நாள் சட்டமன்றம் 54க்கு 46 என்ற கணக்கில் டக்ளஸைத் தேர்ந்தெடுத்தது. முடிவு தெளிவான 1858 நவம்பரிலேயே லிங்கனின் கை வறண்டிருந்தது. திங்கள் பலவாக வழக்கேற்காமல் ஊர் சுற்றியதில் வீட்டுச் செலவிற்கும் பணமில்லை என்று கட்சித் தலைவர் நார்மன் ஜட்டுக்கு எழுதினார். அதே கடிதத்தில், கட்சியின் கடனைத் தீர்க்கத் தம் பங்காக 250 டாலரை எழுதிக்கொள்ளுமாறும் கூறினார். இந்த ஜட் யார்? 1855இல் டிரம்புல்லைப் பற்றி நின்ற ஐவருள் ஒருவர்.

லிங்கன் வழக்குகளுக்குத் திரும்பினார். சொற்போர்ச் செய்திகளைச் செய்தித்தாள்களிலிருந்து வெட்டி ஒட்டி வைத்தார். 1860இல் அது நூலாக அச்சேறியது. அதற்கு முந்திய ஆண்டில் ராபர்ட் ஹார்வர்டு பல்கலைக்கழக நுழைவுத் தேர்வை எழுதிப் பெரும்பாலான பாடங்களில் தவறியிருந்தார். மறுமுறை எழுதுவதற்காக எக்சிட்டர் என்னும் ஊரின் பள்ளியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தார். 1860 பிப்ரவரி 27ஆம் நாள் நியூயார்க்கின் கூப்பர் யூனியன் அரங்கில் ஆற்றிய உரையால் லிங்கனின் பெயர் நாடெங்கும் பரவியது. உரை முடிந்ததும் அவர் ஊர் திரும்பவில்லை. தேர்வில் தவறிய மகனைக் காண எக்சிட்டருக்குத் தொடர்வண்டி ஏறினார். செல்லும் வழியிலும் திரும்பும் வழியிலும் மேடைகள் அழைத்தன, பேசினார். இடையில் சில நாள்கள் மகனோடு இருந்தார்.

மே திங்களில் சிகாகோ மாநாட்டில் குடியரசுத் தலைவர் வேட்பாளராக லிங்கனின் பெயரை முன்மொழிந்தவர் நார்மன் ஜட். அவ்வாண்டே ராபர்ட் தேர்வில் தேறி ஹார்வர்டில் சேர்ந்தார். நவம்பர் 6ஆம் நாள் இரவு ஸ்பிரிங்பீல்டுத் தந்தி நிலையத்தில் தந்தை வெற்றிச் செய்தியைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, மகன் தொலைவில் மாசசூசெட்ஸில் படித்துக்கொண்டிருந்தார்.